கொட்டாஞ்சேனையில் கேட்ட ‘டிக்’

சந்தேகப்படுகிறவர்களின் துயரம் யாருக்கும் விளங்குவதில்லை. ஒன்பது தடவை சந்தேகப்பட்டு ஒன்பதும் பிழையாய்ப்போனால், பத்தாவது தடவை குசினிக்குள் உண்மையாகவே கள்ளன் நின்றாலும் வீட்டார் எழும்பமாட்டார்கள். “உனக்கு வேற வேலை இல்லை” என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்கள்.

நான் பிறவிச் சந்தேகக்காரி. வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரர் தராசைத் தூக்கினால் நான் மீனைப் பார்ப்பதில்லை, அவருடைய சுண்டுவிரலைப் பார்ப்பேன். உத்தியோகமும் அதற்குத் தோதாகக் கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் கிடைத்தது. (சம்பளமும் தந்து சந்தேகப்படவும் விடுகிற இடம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?) போதாததற்குக் காது வேறு கூர்மை. எங்கள் ஃப்ளாட்டில் இருந்தபடியே மேல் மாடியில் எந்த வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லிவிடுவேன். இந்தத் திறமையை அம்மா வெளியில் யாருக்கும் சொல்லிப் பெருமைப்பட்டதில்லை.

இந்தக் குணத்தால் அடிவாங்கியது என் கலியாணப் பேச்சுத்தான். முதலாவது மாப்பிள்ளையின் படத்தில் ஒரு பக்கம் வெட்டியிருந்தது. அவருடைய தோளில் மட்டும் நாலு விரல்கள் மிஞ்சியிருந்தன. யாருடைய விரல் என்று கேட்டேன். தங்கச்சியின் விரல் என்றார்கள். தங்கச்சி என்றால் ஏன் வெட்ட வேண்டும்? இரண்டாமவர் கனடா. அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் ஒரே சேட்டுத்தான் போட்டிருந்தார். ஒரே நாளில் எடுத்த படங்கள் என்றால், மற்ற நாட்களில் ஆள் எப்படி இருப்பார்? மூன்றாவது வீட்டார் நாங்கள் கேட்டதற்கெல்லாம் “ஓம், ஓம்” என்றார்கள். எதையோ மறைக்கிறவர்கள்தான் அவ்வளவு ஓம் சொல்வார்கள் என்று அதையும் தட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அம்மா வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் நின்று கும்பிட்டது எனக்கு மாப்பிள்ளை வர வேண்டும் என்று அல்ல. வருகிற மாப்பிள்ளை என்னிடமிருந்து தப்ப வேண்டும் என்று.

அப்படி இருக்கும்போதுதான் கொட்டாஞ்சேனைச் சம்பந்தம் வந்தது. பெயர் நிமலன். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பனியில் வேலை. படம் முழுசாக இருந்தது. சாதகம் பொருந்தியது. ஒரு குறையும் இல்லை. எனக்கு அதுவே பெரிய குறையாகப் பட்டது. தோண்டித் துருவி விசாரித்ததில், ஞாயிற்றுக்கிழமைகளில் சொஃப்ட்போல் கிரிக்கெட் விளையாடுவார் என்று மட்டும் தெரியவந்தது.

“குடியில்லை, சிகரட் இல்லை, கிழமையில ஒருநாள் பந்தடிக்கிறார்” என்றார் அம்மா. “இதுவும் வேண்டாம் எண்டு சொன்னாயெண்டா, இனி உனக்கு நான் மாப்பிள்ளை பார்க்கமாட்டன். சொல்லிப்போட்டன்.”

அம்மாவின் குரலில் அழுகை இருந்தது. அது எனக்கே கொஞ்சம் சுட்டது. சரி, பார்ப்போம் என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை. அவருக்குத் தெரியாமல் நான் அவரைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து சோபா நுனியில் இருந்து பலகாரம் தின்னும்போது எல்லா ஆம்பிளைகளும் நல்லவர்கள்தான். அவுட் ஆகும்போது எப்படி என்று பார்க்க வேண்டும்.

இந்தச் சொஃப்ட்போல் ஆட்டங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியிலிருந்து அம்பயர் வருவதில்லை. எந்தப் பக்கம் மட்டையைப் பிடித்து பெட் பண்ணுகிறதோ, அந்தப் பக்கத்து ஆள்தான் அம்பயராக நிற்பார். தன்னுடைய பக்கத்து ஆள் அவுட்டா இல்லையா என்று தானே சொல்ல வேண்டும். இதை முதன்முதல் கேள்விப்பட்டபோது எனக்குத் தலை சுற்றியது. காசாளரையே கூப்பிட்டு, “காசு எடுத்தீர்களா?” என்று கேட்டு, அவர் இல்லை என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற வேலை இது. ஆனால் எனக்கு அதில் ஒரு வசதியும் தெரிந்தது. அம்பயர் தன் பக்கத்து ஆள் என்றால், பந்து பெட்டில் பட்டதும் தானாகவே வெளியில் போகிறவன் நல்லவன். பட்ட பிறகும் அம்பயரைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் போல நிற்கிறவன், நாளைக்கு என்னைப் பார்த்துக்கொண்டும் அப்படித்தான் நிற்பான்.

தெமட்டகொடை அணியோடு கப்புக்கான இறுதியாட்டம் என்று தெரிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் புறப்பட்டேன். ஆளை யாரும் அடையாளம் காணக்கூடாது என்று, கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு தந்த பெரிய கறுப்புக் கண்ணாடியை அம்மா போட்டுக்கொண்டு வந்தார். குடையும் பிடித்தார். மைதானத்தில் இறங்கிய உடனே எல்லாரும் திரும்பிப் பார்த்தது அம்மாவைத்தான்.

மைதானம் என்று பெயர்தானே தவிர, ஒரு பக்கம் மதில், மறுபக்கம் மாடிவீடுகள், நடுவில் புல்லில்லாத தரை. மதிலுக்கு மேலால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. ஓரத்தில் ஒரு அம்மா பெரிய கேத்தலில் பிளேன்டீ ஊற்றி எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் தந்தார். எந்த இடம் என்று விசாரித்தார். என் அம்மா பதறிப்போய், வெள்ளவத்தை என்று சொல்ல வாயெடுத்து, பாமன்கடை என்றார்.

“பாமன்கடையில இருந்து இந்த வெயிலுக்க மெச் பார்க்க வந்தனீங்களோ?” என்று கேட்டுவிட்டு, அவர் எங்கள் இரண்டு பேருக்கும் தின்ன ஆளுக்கொரு பெட்டிஸும் தந்தார். என்னைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்த மாதிரி இருந்தது. எதற்காக இந்த மனுசி சும்மா பெட்டிஸ் தருகிறார் என்று நான் யோசித்தேன். (யோசித்தது சரி. முடிவுதான் பிழை. பெட்டிஸ் பழையது என்று நினைத்தேன்.)

கொட்டாஞ்சேனை இரண்டாவதாக பெட் பண்ணியது. அம்பயராக நின்றவர் காசிம் நானா என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு பெரியவர். நிமலனின் பக்கத்து வீடு, ஹாட்வெயார் கடைக்காரர். வெள்ளைத் தொப்பியும் முகத்தில் ஒரு அமைதியும். அந்த அமைதியே எனக்குப் பிடிக்கவில்லை. வலது கைக்குள் எதையோ பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். இடைக்கிடை லேஞ்சியை எடுத்துக் கையைத் துடைத்தார். நெஞ்சில் கள்ளம் இல்லாவிட்டால் கை ஏன் இப்படி வேர்க்க வேண்டும்?

நிமலன் நன்றாகத்தான் அடித்தார். அடித்த பிறகு மற்றவர்களைப் போலக் கத்தவில்லை, பெட்டைத் தூக்கிக் காட்டவில்லை. (இதையும் அம்மாவிடம் சந்தேகமாகத்தான் சொன்னேன். “வாயை மூடு” என்றார்.) வெயில் மாறிவிட்டதால், கடைசி ஓவருக்கு நாங்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு அம்பயருக்கு நேர் பின்னால் மதில் நிழலுக்குப் போனோம். கொட்டாஞ்சேனைக்கு இன்னும் சில ஓட்டங்கள்தான் வேண்டும். தெமட்டகொடையை அவர்கள் வென்று பல வருசமாம். எல்லாரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு, நிமலன் பந்தைச் சந்திக்க நின்றபோது, மைதானம் முழுக்க அப்படியே அடங்கிவிட்டது. காகம்கூடக் கத்தவில்லை.

பந்து எழும்பி வந்தது. நிமலன் பெட்டை வீசினார். பந்து விக்கெட் காப்பாளரின் கையில் போய் விழுந்தது. அந்த அமைதிக்குள் எனக்குத் தெளிவாகக் கேட்டது, ‘டிக்’.

பந்து போட்டவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அம்பயர் மேல் விழாத குறையாக அவுட் கேட்டார். காசிம் நானா தலையை ஆட்டினார். இல்லை. நிமலன் அசையவில்லை. அம்பயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பயந்த அதே நிலை, அதே முகம்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததென்று இன்றைக்கும் தெரியாது. நான் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

“அவுட்” என்றேன். “பட்டது. எனக்குக் கேட்டது.”

மைதானம் முழுக்கத் திரும்பியது. அம்மா குடையால் முகத்தை மூடிக்கொண்டார். தெமட்டகொடை அணித் தலைவர் ஓடி வந்து, தங்கச்சி எந்தப் பக்கம் என்று சிங்களத்தில் கேட்டார். நான் எந்தப் பக்கமும் இல்லை, பாமன்கடை என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். அவருக்கு லொத்தர்ச் சீட்டு விழுந்த மாதிரி. நடுநிலையான சாட்சி கிடைத்துவிட்டது என்று கூட்டத்துக்குச் சொல்லத் தொடங்கினார். கொட்டாஞ்சேனைக்காரர் சும்மா இருப்பார்களா? பார்க்க வந்தவர்கள் தீர்ப்புச் சொல்வது எந்த ஊர்ச் சட்டம் என்று அவர்கள் பாய்ந்தார்கள். இரண்டு மொழியிலும் சண்டை நடந்தது. காசிம் நானா மட்டும், நான் சொன்னது சொன்னதுதான், நொட் அவுட் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார்.

அப்போது நிமலன் என்னைப் பார்த்தார். தூரத்திலிருந்து, நல்ல நேரம் பார்த்தார். என்னுடைய படம் அவரிடம் இருக்கிறது என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு நினைவு வந்தது. அவர் பெட்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வெளியில் நடக்கத் தொடங்கினார். அவருடைய ஆட்கள் கத்தினார்கள். நானா திரும்பி வரச் சொன்னார். அவர் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்குப் பந்து பெட்டில் படவில்லை. ஓவர் முடிந்தது என்று புள்ளி எழுதுகிறவர் எழும்ப, காசிம் நானா கைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இல்லை, இன்னும் ஒரு பந்து இருக்கிறது என்றார். தெமட்டகொடைக்காரர் திரும்பவும் பொங்கினார்கள். ஆறும் முடிந்தது, இது ஏழாவது, பெட் பண்ணுகிறவனின் அம்பயர் என்றால் இப்படித்தான் என்றார்கள். “பார்த்தீங்களோ அம்மா, நான் சொன்னனான்தானே?” என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். கடைசியில் அந்தப் பந்தையும் போட்டார்கள். கடைசியாக வந்தவரின் விக்கெட் பறந்தது. கொட்டாஞ்சேனை தோற்றது. தோற்றவர்களுக்குத்தான் ஒரு பந்து கூடக் கிடைத்தது என்பதால் அந்த வழக்கு அங்கேயே செத்துவிட்டது.

ஓடித் தப்ப நினைத்தோம். வாசலில் பிளேன்டீ அம்மா நின்றார்.

“பிள்ளை, நீர் வெள்ளவத்தைச் சுபா எல்லோ?” என்றார். “நான் நிமலன்ட அம்மா.”

என் அம்மாவின் கறுப்புக் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கியது. அதைப் பிடிக்கப்போய்க் குடையை விட்டுவிட்டார். நிமலனின் அம்மா கோபப்படவே இல்லை. எங்களைக் கூட்டிக்கொண்டு போய் இருக்கவைத்து, திரும்பவும் தேத்தண்ணி தந்து, உமக்கு என்ன சத்தம் கேட்டது என்று விசாரித்தார். சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு காசிம் நானாவைக் கூப்பிட்டார்.

“நானா, உங்கட அந்தச் சாமானை ஒருக்கா அமத்துங்கோ.”

காசிம் நானா வலது கையை விரித்தார். உள்ளே, தஸ்பீஹ் ஓதும்போது எண்ணிக்கைக்கு வைத்துக்கொள்கிற சின்ன இரும்புக் கவுண்டர். ஓதுவதற்கு வீட்டில் ஒன்று, பந்து எண்ணுவதற்கு இது இன்னொன்று, இரண்டையும் கலப்பதில்லையாம். பெருவிரலால் பொத்தானை அமத்தினார். ‘டிக்’.

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பந்து பெட்டைத் தாண்டியதும் நானா அதை அமத்துவது வழக்கமாம். நான் அவருக்கு நேர் பின்னால் இருந்தேன். மைதானம் அமைதியாக இருந்தது. வேறென்ன வேண்டும்? இதுதானே பிள்ளை நீர் கேட்ட சத்தம் என்று நிமலனின் அம்மா கேட்டார். ஓம், இதுதான் என்றேன். நான் ஒரு ஊரின் கப்பைத் தட்டிப் பறித்து இன்னொரு ஊருக்குக் கொடுத்திருக்கிறேன். நானா மட்டும் சிரிக்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி லேஞ்சியை மடித்துக்கொண்டிருந்தார். பாவம், மனுசனைக் கள்ளன் ஆக்கிவிட்டேனே என்று எனக்கு வெட்கம் தாங்கவில்லை.

போகும்போது நிமலன் ஓட்டோ வரைக்கும் வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பிறவிக் குணம் விடவில்லை.

“நீங்கள் தொடேல்லை எண்டா, ஏன் வெளியில போனீங்கள்?”

அவர் பெட்டை மற்றக் கக்கத்துக்கு மாற்றினார். “நீங்கள் அவுட் எண்டு சொன்னீங்கள்தானே. முதல் நாளே உங்களோட வாதாடினா, பிறகு கஷ்டம்.”

அம்மா பம்பலப்பிட்டி தாண்டும் வரை என்னோடு கதைக்கவில்லை. பிறகு, “இந்தப் பொடியனையும் விட்டியெண்டா நான் பொறுப்பில்லை” என்று மட்டும் சொன்னார். நான் எங்கே விட? அன்றைக்கு அந்த ஓட்டோவிலேயே விழுந்து, ஓம் என்றுவிட்டேன். எந்தச் சந்தேகமும் இல்லாமல் நான் சொன்ன முதல் ஓம் அதுதான்.

கலியாணம் நடந்தது. பெண்ணுக்காகக் கப்பை விட்டவர் என்று கொட்டாஞ்சேனை முழுக்க நிமலனுக்குப் பெயர். மணவறையில் தாலி கட்டி முடிந்த கையோடு, அவருடைய அணிக்காரர் பின்னால் நின்று ஒன்றாக ‘டிக்’ என்றார்கள். ஐயர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அதோடு அது எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது. மீன்காரரின் தராசில் நான் கண் வைத்தால், ‘டிக்’. வேலைக்காரப் பிள்ளை ஏன் இன்றைக்கு நேரத்தோடு போனாள் என்று கேட்டால், ‘டிக்’. மாமி சொல்வார், என் மகள் சொல்வாள், வீட்டுக்கு வருகிறவர்களும் சொல்வார்கள். கதையும் வருசா வருசம் வளர்ந்தது. இப்போது நான் மைதானத்துக்குள் ஓடிப்போய் விரலைத் தூக்கினேன் என்று சொல்கிறார்கள். கதிரைதான் விழுந்தது என்று நான் திருத்தினாலும் கேட்பாரில்லை.

போன ஹஜ்ஜுப் பெருநாளன்று காசிம் நானா வட்டிலப்பத்தோடு வந்தார். வயதாகிவிட்டது, இப்போது அம்பயராக நிற்பதில்லை. மாமி உள்ளே படுத்திருந்தார். மகள் விடவில்லை, டிக் கதையைச் சொல்லுங்கோ நானா என்று கேட்டாள். நானா வழக்கம்போலச் சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஒரு விசயம் இவ்வளவு காலமும் மனசுல கிடந்து உறுத்துது மகள்” என்றார். “அந்தப் பந்துக்கு நான் கவுண்டர அமத்தவே இல்ல. வேர்வைல வழுக்குதெண்டு லேஞ்சிக்குள்ள வெச்சுத் தொடச்சிக்கிட்டு ஈந்த. அதாலதான் அந்த ஓவருல ஏழு பந்து போன. எனக்கும் பொறகுதான் வெளங்கின.”

“அப்ப ஏன் நானா அண்டைக்குச் சொல்லேல்லை?”

“எல்லாரும் சிரிச்சிக்கிட்டு நிக்கிற. ஒங்கட கலியாணப் பேச்சும் சரிவாற மாதிரி ஈக்கி. நான் வாயத் தொறந்தா மெச்சும் கொழம்பும், கலியாணமும் கொழம்பும். சும்மா ஈந்துட்டேன்.”

கரண்டியில் இருந்த வட்டிலப்பம் என் வாய்க்குப் போகவில்லை. கவுண்டர் அமத்தவில்லை. அப்படியென்றால் எனக்குக் கேட்டது? கணக்காய்வு செய்கிறவள் நான். ஏழாவது பந்து என்று எல்லாரும் கத்தும்போது நானும் கூடவே இருந்து கேட்டிருக்கிறேன், கணக்கைக் கூட்டிப் பார்க்கவில்லை. அதைவிட மோசம், ஓட்டோவுக்குப் பக்கத்தில் நான் கேட்ட கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை. தொடவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பட்டுவிட்டு நின்றிருக்கிறார், நான் கத்திய பிறகு போயிருக்கிறார், போனதற்கு ஊர் முழுக்கப் பெயரும் வாங்கியிருக்கிறார். என்னுடைய சட்டப்படி அவரை அன்றைக்கே தட்டிவிட்டிருக்க வேண்டும்.

மெல்லத் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் வட்டிலப்பத்தில் இருந்த கஜுப் பருப்பை வலு கவனமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

“நிமலன், அது என்ன சத்தம்?”

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். பரிமாற வைத்திருந்த அகப்பையை எடுத்துக் கக்கத்தில் செருகினார். குசினிப் பக்கம் நடந்தார். திரும்பவில்லை. அன்றைக்கு மைதானத்தில் பார்த்த அதே நடைதான்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் காது பிழைவிடவில்லை, அன்றைக்கு நான் சொன்னது சரி என்ற சந்தோசத்தில் நெஞ்சு நிறைந்துபோய் இருந்தேன். இதை உடனே யாருக்காவது சொல்ல வேண்டும். அறைக்குள் ஓடி மாமியை எழுப்பினேன். லேஞ்சியில் தொடங்கி ஏழாவது பந்து வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லி, உங்கட மகன் அன்றைக்கு அவுட்தான் மாமி என்று முடித்தேன்.

மாமி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னுடைய கையை ஆதரவாகத் தடவி, “டிக்” என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.